பார்க்க மட்டும்

காங்கயத்துக்குப் பக்கத்தில், களங்களில் காய்கிற தேங்காய்ப் பருப்பின் எண்ணெய் வாசம் தலைமுடி வரைக்கும் ஏறிக் கிடக்கும் எங்கள் கருங்காட்டுவலசில், சென்னியப்பன் தன் வீட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியில் தங்கை பெயருக்கு நேரே இருந்த ஒரு டிக்கை எடுத்துவிட்ட வருசம், ஆடி நோம்பிக்குப் பிறந்த வீடு வந்த வசுமதியால் ஒரு டம்ளர் தண்ணீரைத் தூக்க முடியாமல் போயிற்று. டம்ளர் கனக்கவில்லை, வழுக்கவில்லை, சுடவில்லை. அது இருந்த இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். அவள் விரல்கள் அதைச் சுற்றி வளைந்தன, இழுத்தன, உள்ளே இருந்த தண்ணீரில் ஒரு சுழி கூட எழவில்லை. அடுப்படியில் இருந்து அவள் அண்ணன் மனைவி யுவராணி எட்டிப் பார்த்து, "ஏன் அம்மிணி, தண்ணி குடிக்கலயா?" என்றாள். "குடிக்கோணும் நங்கையா, தூக்க வரமாட்டீங்குது" என்றாள் வசுமதி. எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை நங்கையா என்றுதான் கூப்பிடுவது. யுவராணி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, டம்ளரை எடுத்து, வசுமதியின் வாயில் தண்ணீரை ஊற்றினாள். பிறகு அடுப்பில் பச்சைப்பயறு கொதித்துக்கொண்டிருந்ததால் திரும்பிப் போய்விட்டாள்.

களத்தில் இருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த சென்னியப்பனிடம் விசயத்தைச் சொன்னபோது, மழை வரும் போல இருந்தது வந்துவிட்டது என்கிற மாதிரி, "ஆமா, ரீட் ஒன்லி போட்டிருந்தன்" என்றான். ரீட் ஒன்லி என்றால் பார்க்க மட்டும். பார்க்கலாம், திறந்து பார்க்கலாம், மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தொட்டு மாற்றவோ, நகர்த்தவோ, ஒன்றைச் சேர்க்கவோ, ஒன்றை எடுக்கவோ முடியாது.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யுவராணியின் செல்போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து அதிலிருந்த போட்டோ எல்லாம் போனதற்குப் பிறகு சென்னியப்பன் வாங்கி வந்தது அது. டிபன் கேரியர் உயரம், கறுப்பு நிறம், ராத்திரியும் பகலும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். இன்டர்நெட் வயர் சாமி அலமாரிப் பக்கமாக வீட்டுக்குள் நுழைந்ததால் பெட்டியும் சாமிக்குக் கீழேயே உட்கார்ந்தது, ஆயுத பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டது. வீட்டில் இருக்கிற அத்தனை பேர் போனும் அதோடு பேசும். கல்யாண போட்டோ, குழந்தைகளின் மார்க் சீட், களத்து கேமராவின் படம் எல்லாம் அதற்குள் போய்ச் சேரும். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. யார் எதைப் பார்க்கலாம், யார் எதில் கை வைக்கலாம் என்று தீர்மானிக்கிற அட்மின் சென்னியப்பன் ஒருவன்தான்.

வசுமதி கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்கிறவள். யாருக்கு எந்த ஃபோல்டர் திறக்க வேண்டும், யாருக்குத் திறக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்வதுதான் அவள் வேலையே. அப்பா இறந்த துக்கத்தில் கை சும்மா இருக்க முடியாமல், அங்கே இருந்தபடியே இந்தப் பெட்டிக்குள் நுழைந்து, குப்பையாகக் கிடந்த பழைய போட்டோக்களை வருசவாரியாக அடுக்கினாள். மறுநாள் யுவராணிக்குத் தன் வளைகாப்புப் போட்டோ இருந்த இடத்தில் இல்லை. தேடினால் கிடைத்திருக்கும், தேடாமல் புருசனிடம் சொன்னாள். அந்த நேரம் பார்த்து வீட்டில் உட்கார்ந்திருந்த தாய்மாமன் நாச்சிமுத்து, "கட்டிக் குடுத்த புள்ள வந்தா பாத்துட்டுப் போகோணும். எடுக்கறது வெக்கறது மாத்தறதெல்லாம் என்னத்துக்குடா? இன்னிக்குப் போட்டோவ அடுக்குவா, நாளைக்கு வந்து காட்ட அளப்பா" என்றார். அப்பா உயில் எழுதாமல் போனவர். பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் சொல்வது எங்களில் எல்லோருக்கும் தெரியும், தெரியாத மாதிரி நடந்துகொள்வதும் எல்லோருக்கும் தெரியும். சென்னியப்பன் அன்று சாயங்காலமே தங்கையைக் குடும்பம் என்ற குழுவில் இருந்து எடுத்து விருந்தாளிகள் என்ற குழுவில் போட்டு, எழுதும் உரிமையை எடுத்துவிட்டு, கீழே இருக்கிற எல்லாவற்றுக்கும் இது பொருந்தட்டுமா என்று பெட்டி கேட்டபோது, ஆமாம் என்று தட்டினான். எல்லாம் என்றால் எதுவரைக்கும் என்று அது சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை.

அது எப்படிப் பொருந்தியது என்பதை நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்டுகொண்டோம். சோபாவில் வசுமதி உட்கார்ந்தால் மெத்தை அமுங்காது. கதவை அவள் தள்ளினால் திறக்காது, யாராவது திறந்துவிட வேண்டும். சுவிட்சைத் தட்டினால் லைட் எரியாது. கோயம்புத்தூரில் இருந்து அவள் வாங்கி வந்த இனிப்புப் பெட்டி கையில் இருக்கும்வரை அவளுடையது. மேசை மேல் வைத்த நொடியில் அது வீட்டுச் சாமான் ஆகிவிடும், பிறகு அவளால் அதன் மூடியைக்கூட நெம்ப முடியாது. அதனால் கைப்பையைக் கீழே வைக்காமல் தோளிலேயே மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடப் பழகினாள். பேச்சுக்கு மட்டும் தடையில்லை. அவள் பேசி அந்த வீட்டில் எதுவும் நகரப்போவதில்லை என்று பெட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டைத் தாண்டித் தெருவில் கால் வைத்துவிட்டால் எல்லாம் பழையபடி. கல்லை எடுத்து எறியலாம், கடையில் சோடா வாங்கித் தானே குடிக்கலாம்.

பெட்டிக்குள் சென்னியப்பனின் கல்யாணப் போட்டோ ஒன்று உண்டு. எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு. மாப்பிள்ளைக்கு அக்காவோ தங்கையோ பக்கத்தில் நின்று அந்தச் சீரைச் செய்யாமல் அவன் தாலி கட்ட முடியாது. அந்தப் போட்டோவில் வசுமதி அண்ணன் பக்கத்தில் பட்டுச்சேலையில் தலைநிறையப் பூவோடு நிற்பாள். அதை அவள் தாராளமாகப் பார்க்கலாம்.

சரி, ஊர் என்ன செய்தது என்று கேட்பீர்கள். ஊர் வேடிக்கை பார்த்தது, பிறகு பழகிக்கொண்டது, பிறகு ஆசைப்பட்டது. முதல் நாள் நாங்கள் பெண்கள் எல்லாம் கூடி, சாணி தெளித்த வாசலில் ஈரக்கோலத்தின் மேல் வசுமதியை நடக்கச் சொன்னோம். அவள் நடந்தாள், ஒரு புள்ளி கலையவில்லை. "பாரு, எத்தனை பாந்தமா நடக்கறா" என்றாள் ஒருத்தி. "ஒரு சாமானத்த அசைக்காம வந்துட்டுப் போறா, இப்பிடியல்லொ இருக்கோணும் கட்டிக் குடுத்த புள்ள" என்றாள் இன்னொருத்தி. பிறகு ஆண்கள் சென்னியப்பனைத் தேடி வர ஆரம்பித்தார்கள். முதலில் மேற்கு வீட்டுக்காரர், அடுத்து ரைஸ்மில் வீட்டு அண்ணன் தம்பிகள், அடுத்து வலசில் வைபை இருக்கிற வீடெல்லாம், அடுத்து வைபையே இல்லாத வீடுகள் கூடப் புதிதாக இழுத்துக்கொண்டு, "மாப்ளே, நம்ம ஊட்லயும் அந்தப் பொட்டிய வெச்சுக் குடுத்துரு" என்று வந்து நின்றார்கள். களத்து வேலையை ஆள்காரர்களிடம் விட்டுவிட்டு, மடித்த சட்டையும் பேனாவுமாக வீடு வீடாகப் போய் உட்கார்ந்து சென்னியப்பன் டிக் எடுத்துக் கொடுத்தான். ஒவ்வொரு வீட்டிலும் அவனுக்கு இளநீர் வெட்டினார்கள். காங்கயம் டவுனில் ஒரு கடைக்காரர் பெட்டியை வாங்கும்போதே அக்கா தங்கச்சி செட்டிங் இலவசம் என்று போர்டு எழுதி மாட்டினார்.

தைப்பொங்கலுக்கு வலசுக்கு வந்த பெண்களெல்லாம் வாசலில் நின்று யாராவது கதவைத் திறந்துவிடட்டும் என்று காத்திருந்தார்கள். அண்ணன் வீட்டுச் சோற்றை அண்ணன் மனைவியோ அவள் மகளோ ஊட்டிவிட, வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார்கள். ஊட்டிவிடுகிறவளுக்கு அவசர வேலை இருந்தால் இரண்டு வாயோடு சரி. கூட வந்த மாப்பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லை, அவர்கள் டம்ளரைத் தூக்கினார்கள், சோபா அவர்களுக்கு அமுங்கிக் கொடுத்தது. நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்ததற்குக் காரணம் கேட்டால் சொல்கிறேன். இந்த வலசில் நாங்கள் எல்லோரும் அண்ணன்களின் மனைவிகள். தங்கைகளாக இருப்பது வேறு ஊர்களில். இங்கே பெட்டிக்குச் சாம்பிராணி காட்டிவிட்டு, அங்கே எங்கள் பிறந்த ஊருக்குப் போய், நாங்கள் வளர்ந்த வீட்டில், டம்ளர் தூக்க முடியாமல் நின்றோம். திரும்பி வந்து அதை ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொள்ளவும் இல்லை. எங்களை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

இப்படியே போயிருந்தால் இதைச் சொல்ல வேண்டியிருந்திருக்காது. அந்தப் பொங்கலுக்கு அடுத்து வந்த கார்த்திகை மாதம், சென்னியப்பன், வசுமதியின் அம்மா பாவாத்தாள் பாத்ரூமில் விழுந்தாள். இடது பக்கம் வாதம் அடித்துவிட்டது. ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், வசுமதி லீவு போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஆஸ்பத்திரி அண்ணன் வீடு இல்லையே. அங்கே அவள் அம்மாவைத் தூக்கினாள், புரட்டினாள், துடைத்தாள், பேன் பார்த்துத் தலை வாரினாள், கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டினாள், ராகம் இழுத்து அம்மாவைத் திட்டவும் செய்தாள். பாவாத்தாளுக்குப் பேச்சு குழறியது, ஆனால் புரியும். கோணிப்போன வாயோடு பக்கத்துக் கட்டில்காரியிடம், "என்ற புள்ள" என்று காட்டிக்கொண்டாள். பார்க்கப் போன எங்களுக்கு, நோயாளி வீட்டு ஆட்களைப் பார்த்த மாதிரியே இல்லை, நோம்பி கொண்டாடுகிற இரண்டு பேரைப் பார்த்த மாதிரி இருந்தது.

இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போகிறேன் என்று வசுமதி கெஞ்சினாள். "பையன் நானொருத்தன் கல்லாட்டம் இருக்கறப்ப, அம்மா மருமவன் ஊட்ல போய் உசுர உட்டா ஊரு என்னயக் காறித் துப்பாதா?" என்றான் சென்னியப்பன். அதில் ஒரு பொய்யும் இல்லை, நாங்கள் துப்பியிருப்போம். ஆம்புலன்ஸ் வலசுக்கே வந்தது. அம்மாவைத் தெற்குப் பார்த்த அறையில், ஜன்னலோரக் கட்டிலில் கிடத்தினார்கள். கேட் வரைக்கும் அம்மாவின் கையைப் பிடித்து நடந்து வந்த வசுமதிக்குக் கேட்டைத் தாண்டியதும் அந்தக் கை கல்லாயிற்று. அதாவது கை மெத்தென்றுதான் இருந்தது, இவளால் அசைக்கத்தான் முடியவில்லை. அம்மா அந்த வீட்டைச் சேர்ந்தவள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கொடிக்கயிறு அந்த ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறது, பார்க்காதே என்றால் எப்படி? காலையில் ஒரு நர்சம்மா வந்து துடைத்துவிட்டுப் போகும். யுவராணியைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன், அவளுக்கு அடுப்பும் களமும் பிள்ளைகளின் ஸ்கூலும் இருந்தன, இரண்டு மணிக்கொரு தடவை வந்து தண்ணீர் கொடுத்து, புரட்டிப் போட்டுவிட்டு ஓடுவாள். இடைப்பட்ட நேரமெல்லாம் வசுமதி கட்டிலுக்குப் பக்கத்தில் தோள்பையோடு நின்றாள். அம்மா தண்ணி என்பாள். டம்ளர் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கும். "நங்கையா! நங்கையா!" என்று வசுமதி கத்துவாள். யுவராணி களத்தில் இருந்தால் கேட்காது. நான் போய்க் கொடுத்துவிட்டு வந்ததும் உண்டு, போகாமல் துணி உலர்த்திக்கொண்டிருந்ததும் உண்டு. ஒருநாள் அம்மாவின் கடைவாயில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. வசுமதி கையை வீசினாள், ஈ அசையவில்லை. ஊதினாள், அசையவில்லை. முகத்தை அம்மா முகத்தோடு ஒட்டவைத்து ஊதினாள். அந்த ஈ சாவகாசமாகக் காலைத் தேய்த்துக்கொண்டு, வாய்க்கும் மூக்குக்கும் நடந்து, கண்ணோரத்தில் போய் உட்கார்ந்தது. பாவாத்தாள் நல்ல கையைத் தூக்கி அதை ஓட்டிவிட்டு, "உடு கண்ணு" என்று மகளுக்கு ஆறுதல் சொன்னாள்.

அன்றைக்குத்தான் வசுமதி அழுகையை நிறுத்திவிட்டு, கல்லூரியில் ஒரு பெட்டி மக்கர் செய்தால் என்ன செய்வாளோ அதைச் செய்ய ஆரம்பித்தாள். கீபோர்டு அவள் விரலுக்கு அமுங்காது. அதனால் சென்னியப்பன் சந்தைக்குப் போயிருந்த நேரம் யுவராணியை லேப்டாப் முன்னால் உட்காரவைத்துவிட்டு, பின்னால் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பெட்டியை நிறுத்தி மறுபடி போட்டார்கள்; அது எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டே எழுந்தது. வசுமதியின் போனில் பழைய பாஸ்வேர்டை அழித்துப் புதிதாக நுழைந்து பார்த்தார்கள், விருந்தாளியாகவே நுழைந்தாள். அவள் பேரில் தப்பு, இவள் பேரில் போய்ப் பார்க்கலாம் என்று, யுவராணியின் பேரையும் பாஸ்வேர்டையும் வசுமதி தன் போனில் போட்டுக்கொண்டு டம்ளரைத் தூக்கிப் பார்த்தாள். போன் ஏமாந்தது, டம்ளர் ஏமாறவில்லை. கடைசியில், "நங்கையா, பெர்மிஷன்னு ஒரு பக்கம் இருக்கும், அதத் தொறங்க, என்ற பேருக்கு நேரா ஒரு டிக் மட்டும் போடுங்க, போதும்" என்றாள்.

யுவராணி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். மாற்றும் உரிமை உங்களுக்கு இல்லை என்று வந்தது. மறுபடி திறந்தாள், மறுபடி வந்தது. யாரிடம் கேட்பது என்று அதிலேயே எழுதியிருந்தது, சென்னியப்பன் என்று. "நான் எல்லாத்தயும் எடுக்கறனே, வெக்கறனே" என்றாள் யுவராணி.

"எடுக்கலாம், வெக்கலாம் நங்கையா. யாரு எடுக்கலாம், யாரு வெக்கலாம்னு சொல்ல முடியாது. அது அட்மின் மட்டுந்தான்."

"அப்ப நாளைக்கு என்ற பேருக்கு நேரா இருக்கறதயும் எடுத்துப்போட்டா?"

யுவராணி லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து போய், சோற்றுக் குண்டானை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்து, இறக்கி வைத்து, மறுபடியும் தூக்கிப் பார்த்தாள்.

சாயங்காலம் வசுமதி அண்ணனிடமே கேட்டாள். நாச்சிமுத்து மாமாவும் இருந்தார். அவர் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு பேச்சு நடந்ததில்லை. "அண்ணா, சொத்துக் கேக்கல, சீர் கேக்கல. அம்மாவுக்குத் தண்ணி குடுக்கோணும். ஒரு டிக்குண்ணா."

சென்னியப்பனுக்குக் கண் கலங்கியது நிஜம். தங்கை மேல் அவனுக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவன் மாமாவைப் பார்த்தான். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "குடுக்கலாங் கண்ணு, குடுக்காம என்ன. தொடற உரிமையக் குடுத்தா அது எது வரைக்கும் போகும்னு தெரியாதல்லொ. நீ ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துப்போடு, அப்பறம் உங்கண்ணனுக்கும் பயமில்ல, உனக்கும் தடையில்ல" என்றார். விடுதலைப் பத்திரம் என்றால் அப்பன் சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று பெண் எழுதித் தருவது. அதற்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, நல்ல ஆள்.

கோயம்புத்தூரில் இருந்து அவள் வீட்டுக்காரர் போனில், "நமக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க, யோசனை பண்ணிக்க" என்றார். யோசிக்க அவளுக்கு நேரமில்லை. ஜன்னலோரத்தில் தண்ணி என்று குரல் வந்துகொண்டிருந்தது. மறுநாளே பத்திரம் எழுதினார்கள், சார்பதிவாளர் ஆபீசில் வசுமதி கேமராவைப் பார்த்தாள், விரலை மிசினில் வைத்தாள், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். கேட்டுக்கு வெளியே அவள் பேனா நன்றாகவே எழுதியது.

சென்னியப்பன் சொன்ன சொல் தவறாதவன். வீட்டுக்கு வந்து கால் கூடக் கழுவாமல் பெட்டி முன்னால் உட்கார்ந்தான். தங்கை பேருக்கு நேரே இரண்டு கட்டங்கள் இருந்தன: பார்க்க என்று ஒன்று, எழுத என்று ஒன்று. எழுத என்பதில் டிக் போட்டான். அதே கையோடு பார்க்க என்பதில் இருந்த டிக்கை எடுத்துவிட்டான். வேண்டுமென்று செய்தானா என்று நாங்கள் பின்னால் ரொம்ப நாள் பேசியிருக்கிறோம். எனக்கு என்னவோ அது அவன் மனசு செய்ததாகத் தோன்றவில்லை, கை செய்தது. ஒன்றைக் கொடுத்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளாமல் திரும்பாத கை, தலைமுறை தலைமுறையாக மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிப் பழகிய கை.

வசுமதி கேட்டைத் தள்ளினாள், கேட் திறந்தது. கதவைத் தள்ளினாள், திறந்தது. சுவர் இருந்தது, கட்டில் இருந்தது, மேசையில் டம்ளர் இருந்தது. அவள் கைப்பையை நிம்மதியாகக் கீழே வைத்தாள், டம்ளரைத் தூக்கினாள், தண்ணீர் ஆடியது, அவள் சத்தமாகச் சிரித்தாள். "அம்மா!" என்று கட்டிலுக்குத் திரும்பினாள். கட்டிலில் போர்வை மட்டும் மேடு தட்டிக் கிடந்தது, அதற்குள் ஆள் இல்லை. "வந்துட்டயா கண்ணு" என்று அம்மாவின் குரல் அந்த வெறும் தலையணையில் இருந்து வந்தது. பின்னால் அண்ணன் இருமினான், அங்கேயும் யாரும் இல்லை.

கோயில் உண்டியலைத்தான் உதாரணம் சொல்ல வேண்டும். போடலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. வீடும் சாமானும் அவள் கண்ணுக்குத் தெரிந்தன, கேட்டுக்கு உள்ளே இருக்கிற வரைக்கும் அந்த வீட்டு ஆட்கள் தெரியவில்லை. கல்லூரியில் பரீட்சைத் தாள்களை வாங்குகிற ஃபோல்டருக்கு வசுமதியே இப்படிப் பல தடவை செய்து கொடுத்திருக்கிறாள், அதனால் அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அண்ணனைத் தெருவுக்கு வரச் சொல்லி, கேட்டுக்கு வெளியே அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"எழுதறதுக்குக் கேட்ட, குடுத்தாச்சு" என்றான் சென்னியப்பன். "ரெண்டுமே வேணும்னா எப்பிடி அம்மிணி? மறுபடியும் குடும்பத்துக் குழுவுலயல்லொ சேக்கோணும். இப்பத்தான் பத்திரம் ஆயிருக்குது, மாமா என்ன நெனைப்பாரு? தை பொறக்கட்டும், பாக்கலாம்."

"அம்மாவுக்குத் தை பொறக்குமாண்ணா?"

அவன் களத்தில் பருப்பு மழைக்கு நனைகிறது என்று போய்விட்டான். வானத்தில் மேகமே இல்லை.

வசுமதி உள்ளே திரும்பி வந்தாள். அன்றிலிருந்து பார்க்க முடியாத அம்மாவை அவள் கையாலேயே பார்த்தாள். மூக்கைத் தடவி, வாயைத் தடவி, கஞ்சிக் கரண்டியைக் கொண்டுபோனாள். முதுகில் படுக்கைப் புண் எங்கே ஆரம்பிக்கிறது என்று விரல் நுனியால் கண்டுபிடித்து மருந்து போட்டாள். தலை வாரி வகிடு எடுத்தாள், வகிடு நேராக இருக்கிறதா என்று என்னை ஜன்னலில் கூப்பிட்டுக் கேட்டாள். நேராக இருந்தது. நடந்தது எதையும் அம்மாவிடம் சொல்லவில்லை. "அண்ணன் டிக் போட்டுக் குடுத்துட்டாம்மா" என்று மட்டும் சொன்னாள். "அவன் தங்கமல்லொ" என்றாள் பாவாத்தாள். அந்தத் தங்கம் எதை வாங்கிக்கொண்டு எதைக் கொடுத்தது என்று அம்மாவுக்குத் தெரியக் கூடாது, சாகிற காலத்தில் பெற்ற பிள்ளை மேல் அவளுக்கு வெறுப்பு வரக் கூடாது என்று வசுமதி வைராக்கியமாக இருந்தாள். எங்களையும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். இதற்கு மட்டும் நாங்கள் வாயை மூடியிருக்க வேண்டியதில்லை, மூடிக்கொண்டோம்.

ஆனால் அம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரியும். மகள் கஞ்சி ஊட்டுகிறாள், மகளின் கண் தலையணையைப் பார்க்கிறது. மகள் பேசுகிறாள், கண் சுவரைப் பார்க்கிறது. நாள் முழுக்கத் தொடுகிறாள், ஒரு தடவை கூட முகத்தைப் பார்ப்பதில்லை. மார்கழியில் ஒரு மத்தியானம், வாயைத் துடைத்துவிட்ட கையை நல்ல கையால் பிடித்துக்கொண்டு பாவாத்தாள் கேட்டாள், "ஏங் கண்ணு, என்ற மூஞ்சியவே பாக்க மாட்டீங்கற? எம்மேல கோவமா?"

"இல்லீம்மா."

"உனக்கு ஒண்ணும் எழுதி வெக்கலீன்னு கோவமா?"

"ஐயோ, இல்லம்மா. பாத்துட்டுத்தானம்மா இருக்கறன்" என்று வசுமதி குரல் வந்த பக்கம் கண்ணைத் திருப்பினாள். ஒரு சாண் தள்ளித் திருப்பிவிட்டாள். எதிர் ஜன்னலில் இருந்த எனக்கு அது தெரிந்தது, அம்மாவுக்கும் தெரிந்தது. தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று சந்தேகப்பட்டு வசுமதி கையை நீட்டி முகத்தைத் தேடினாள், நெற்றி கிடைத்தது, கன்னம் கிடைத்தது. அவள் விரல்களுக்கு அடியில் அந்தக் கன்னம் மெல்ல நகர்ந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. அதற்குப் பிறகு பாவாத்தாள் பேசவில்லை. கஞ்சிக்கு வாயைத் திறந்தாள், மருந்துக்குத் திறந்தாள், மகளிடம் பேசுவதற்குத் திறக்கவில்லை. தை பிறப்பதற்கு முன்னால் உயிர் போனது, வசுமதியின் உள்ளங்கையில் மூச்சுக்காற்று படுவது நின்றதுதான் அவளுக்கு வந்த தகவல்.

பந்தல் போட்டு வாசலில் கிடத்தினோம். அம்மாவைக் குளிப்பாட்டியது வசுமதிதான், பட்டுச்சேலை கட்டியது அவள்தான், நெற்றிக்காசைப் பொட்டு மேல் தடவித் தடவி வைத்தது அவள்தான். எல்லாம் முடிந்ததும் அவள் எழுந்து, ஒப்பாரி வைத்த எங்களைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே தெருவில் போய் வெயிலில் நின்றுகொண்டாள். பெற்றவள் கிடக்கிறாள், மகள் தெருவில் போய் நிற்கிறாளே என்று வெளியூர்ச் சனம் முணுமுணுத்தது. அவள் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சென்னியப்பன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் வந்தான். பாடை கேட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. வசுமதி ஓடிப்போய் அதன் முன்னால் நின்றாள். "ஒரு நிமிசம் எறக்குங்க" என்றாள். வழியில் இறக்கக் கூடாது என்றார் நாச்சிமுத்து மாமா. தூக்கியவர்கள் நடையை நிறுத்தவில்லை, அதனால் அவள் பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தாள், கல் தடுக்கியும் திரும்பாமல், மாலைகளுக்கு நடுவே தெரிந்த அந்தச் சின்ன முகத்தையே பார்த்துக்கொண்டு, "அம்மா, பாக்கறேம்மா, இங்க பாரு, உன்ற மூஞ்சியத்தான் பாக்கறன்" என்று சொல்லிக்கொண்டே தெரு முழுக்கப் பின்பக்கமாக நடந்தாள். தெருமுனை வந்தது. பெண்கள் அதற்கு மேல் வரக் கூடாது. மாமா கையைக் குறுக்கே நீட்டி அவளை ஓரமாக விலக்கினார், பாடை அவளைத் தாண்டிப் போயிற்று.